பதினைந்து அறை விடுதிக்கு என்னென்ன வேண்டும்?

கருப்பொருள் கொண்ட சிறு விடுதிக்கு அறைகளின் எண்ணிக்கையே வசதிகளின் எல்லை. காரைக்குடி பக்கம் கானாடுகாத்தானில், தந்தை தம் மகளுக்காகக் கட்டிய செட்டிநாட்டு வீடு இன்று ‘விசாலம்’ விடுதி. அறைகள் 15 மட்டுமே. இந்த அளவில் பெரிய ஓட்டல்களின் வசதிப் பட்டியல் முழுவதையும் எட்டிப் பிடிக்க நினைத்தால் செலவு தாங்காது. காரைக்குடியில் 1999 முதல் விடுதியாக நடக்கும் ‘பங்களா’வுக்குப் பேர் வாங்கித் தந்தது வாழையிலைச் சாப்பாடு. ஒன்றைப் பிடித்து அதை நன்றாகச் செய்வதே சிறு விடுதிக்குப் பலம்.

தேர்ந்தெடுத்த கருப்பொருள் விருந்தினரின் கையிலும் காலிலும் படவேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைப் பூவுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறமாக ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, உலர்த்தி, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழுவழுப்பே கல்லுக்குப் பளபளப்பாக வந்து சேருகிறது. வெறுங்காலோடு நடந்தால்தான் அதன் குளிர்ச்சி தெரியும். ஆகவே திண்ணையோரம் செருப்பு வைக்க இடமும், நாள் தவறாமல் துடைத்த தரையும் அங்கே வசதிக் கணக்கில் சேரும்.

பழைய வீடுகளில் படுக்கையறையை ஒட்டிக் குளியலறை கிடையாது. தடித்த சுவர்களுக்கிடையே குழாயும் கழிவுநீர்ப் பாதையும் கொண்டுபோவதே பெரிய வேலை. அலங்காரத்துக்கு முன் பணம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். வெந்நீர், இன்வெர்ட்டர், கொசுவலை, கட்டிலருகே பிளக் பாயிண்ட், முதியோருக்குக் கைப்பிடி வைத்த தரைத்தள அறை ஆகியவை அடுத்து. இவை சரியில்லாவிட்டால் எவ்வளவு அழகான தேக்குத் தூணும் விருந்தினரை மறுமுறை வரவழைக்காது.

சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூரில் இப்படி ஒரு விடுதி அமைப்பவர் செட்டிநாட்டை நகலெடுக்கத் தேவையில்லை. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி அந்தப் பக்கத்துச் சொத்து. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் மூங்கில் பேனாவால் வரைகிறார்கள்; கறுப்பு நிறம் வெல்லத்தில் இரும்பை ஊறவைத்து எடுப்பது. அடிக்கடி துவைக்கும் படுக்கை விரிப்புக்கு அது ஆகாது, சுவர்த் திரைக்கே பொருந்தும். சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும், பருவத்தில் மாம்பழச் சாறும் இருக்கின்றன. திருப்பதி, காணிப்பாக்கம் கோயில்களுக்குப் போகிறவர்கள் வந்து தங்குவார்கள் என்பதால் சைவச் சமையலுக்குத் தனி அடுப்பு கட்டாயம். விடியுமுன் கிளம்புகிறவருக்கு மூன்று மணிக்கே வெந்நீரும் சூடான காபியும் தயாராக இருக்கவேண்டும். அந்த ஊரில் நீச்சல் குளத்தைவிட இதுவே பெரிய வசதி.