சிறுநீரகக் கல்லும் 90 நாட் கணக்கும்

சிறுநீரகத்திலுள்ள கல்லை உடைத்தவுடன் வைத்தியம் முற்றுப்பெற்றுவிடுவதில்லை. துகள்கள் வெளியேறும்வரை சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காக உள்ளே மெல்லிய குழாய் வைக்கப்பட்டிருப்பின், அதனைப் பின்னர் எடுத்தல் வேண்டும். எஞ்சிய துண்டு உண்டாயின் அதனையும் உடைத்தல் வேண்டும். இவற்றுக்குத் தனிக்கட்டணம் உண்டா? இலவச வைத்தியம் அளிக்கும் இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் இக்கேள்வி எழுவதில்லை. அமெரிக்காவிலோ இதற்கு விடை காண்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது.

அந்நாட்டில் சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் ஐந்திலக்க எண் உண்டு. அமெரிக்க வைத்தியச் சங்கம் இவ்வெண் தொகுதியை 1966ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டது. உடலின் வெளியேயிருந்து அதிர்வலையாற் கல்லை உடைத்தலின் எண் 50590. முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியாகிய மெடிக்கேயரின் விதிப்படி, அதன் பின்னர் வரும் 90 நாட்களின் வழக்கமான பராமரிப்பும் அதே கட்டணத்துள் அடங்கும். ஆகவே, அக்காலத்துள் அதே வைத்தியர் அனுப்பும் இன்னொரு கணக்கு, தக்க விளக்கமின்றேல் மறுக்கப்படும்.

அவ்விளக்கத்தைத் தருவன ஈரிலக்கத் துணை எண்கள். குழாயை எடுத்தல் போன்று முன்னரே திட்டமிட்ட அடுத்த கட்டமாயின் 58. இரத்தப்பெருக்கு முதலிய எதிர்பாராத சிக்கலால் நோயாளியை மீண்டும் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குக் கொண்டுசெல்ல நேரின் 78. முதற் சிகிச்சையோடு தொடர்பற்ற வேறொன்றாயின் 79. 58க்கும் 79க்கும் முழுக்கட்டணம் உண்டு. 78க்கோ சத்திரசிகிச்சை வேலைக்குரிய பங்கு மாத்திரமே. பழைய 90 நாட் கணக்கே தொடரும்.

எண்ணைத் தெரிவுசெய்பவர் கணக்கெழுதும் ஊழியர். ஆயினும், அவர் தாமாக எதனையும் ஊகித்தல் ஆகாது. வைத்தியரின் குறிப்பே ஆதாரம். "குழாய் சில வாரங்களில் எடுக்கப்படும்" என்னும் ஒரு வரி முதற் குறிப்பில் இல்லையேல், 58க்கு ஆதாரம் குன்றும். செய்த வேலைக்கு ஊதியம் கிடையாது போகலாம். மாறாக, எதிர்பாராத சிக்கலைத் திட்டமிட்ட கட்டமெனக் காட்டினால் பொதுப்பணம் வீணாகும். நோயாளிக்கும் நட்டமே. மெடிக்கேயர் ஏற்கும் வைத்தியர் கட்டணத்தில் நூற்றுக்கு 20 பங்கை வழக்கமாக அவரே செலுத்த வேண்டியிருத்தலால், தொகை உயர அவர் பங்கும் உயரும்.

எனவே, கணக்கின் நேர்மை கணக்கறையில் அன்று, முதல் நாளில் வைத்தியர் எழுதும் குறிப்பிலேயே தொடங்குகின்றது.