தொட்டால்தான் ஆட்டம்!

குட்டீஸ்... பொங்கல் வந்தால், திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களில் கபடிப் போட்டி களைகட்டும், பார்த்திருப்பீர்கள். 'சடுகுடு' என்று தாத்தாக்கள் சொல்வது இதைத்தான்.

கபடிக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம். பக்கத்துக்கு 7 பேர், நடுவே ஒரு கோடு... அவ்வளவுதான். ஆனால், தொடாமல் ஆட முடியாது! பாடி வருபவரைப் பிடிக்க, பக்கத்தில் நிற்பவரின் கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். 'நீ எந்தத் தெரு, என்ன ஜாதி?' என்று கேட்டுக்கொண்டிருந்தால், வந்தவர் தொட்டுவிட்டு ஓடிவிடுவார்!

இந்த விளையாட்டு, ஒரு பகுதியின் பெயரையே தலைநிமிரச் செய்த கதை தெரியுமா?

சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலை அருகே உள்ளது கண்ணகி நகர். ஆற்றங்கரைகளிலும், சாலையோரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்த மக்களை, 2000-ம் ஆண்டு முதல் அரசு இங்கே குடியமர்த்தியது. வீடு கிடைத்தது; வேலையும், பழகிய பள்ளியும் தொலைவாகிப் போயின. யாரோ சிலர் செய்த குற்றங்களால், எல்லாருக்கும் கெட்ட பெயர். வேலை கேட்டுப் போகும் இடத்தில், முகவரி சொல்லவே பலர் கூச்சப்பட்டனர்.

அந்தக் கண்ணகி நகரைச் சேர்ந்தவர்தான் கார்த்திகா. 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவியாக ஆடினார். இறுதிப் போட்டியில் ஈரானை 75 - 21 என்ற புள்ளிக்கணக்கில் வீழ்த்தி, தங்கம் வென்றது இந்தியா. ஆண்கள் அணியும் ஈரானை 35 - 32 என வென்றது. அதில் ஆடிய அபினேஷ், திருவாரூர் மாவட்டம், வடுவூர்க்காரர். இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது தமிழக அரசு.

எந்த ஊர்ப் பெயரை மறைத்தார்களோ, அதே பெயரை நாளிதழ்கள் பெருமையோடு அச்சிட்டன!

ஒரு பதக்கத்தால் எல்லாக் குறைகளும் தீர்ந்துவிடாது. ஆனால், 'அங்கிருந்து யார் வரப் போகிறார்கள்?' என்று கேட்ட வாய்கள் அடைத்துப்போயின அல்லவா?

கபடியில் ஓர் அழகான விதி உண்டு. எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம் அணிக்காரர் ஒருவர் உள்ளே வரலாம்.

உங்கள் தெரு மைதானத்திலும் யாராவது ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்களா? அடுத்த தெருப் பையனோ, ஆசையோடு நிற்கும் அக்காவோ... இன்று மாலை அவர்களையும் ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள், குட்டீஸ்!