எல்லோருக்கும் ஒரு மேடை – 11: திருவையாற்றின் மூன்றாவது கட்சி

புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் திருவையாற்றுக் காவிரிக்கரைப் பந்தலில் இடம் பிடிப்பது லேசான காரியமல்ல. நூற்றுக்கணக்கான வித்வான்களும் மாணவர்களும் எதிரெதிர் வரிசைகளில் உட்கார்ந்து, நாட்டையில் தொடங்கி ஸ்ரீ ராகத்தில் முடியும் பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தையும் சேர்ந்து பாடுகிறார்கள். மேடைகளில் பேர் வாங்கிய பாடகிக்குப் பக்கத்தில் பாட்டு வகுப்புக்குப் போகும் சிறுமி உட்கார்ந்திருப்பாள். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு, தியாகராஜர் காலம் தொட்டே இது இப்படித்தான் நடந்துவருகிறது என்று தோன்றும்.

இந்த ஏற்பாட்டின் வயது எண்பதுகளில்தான் இருக்கிறது. 1941க்கு முன்பு இந்தத் தியாகராஜ ஆராதனையை நடத்தியவர்கள் பெண்களைப் பாட விடவில்லை. அங்கே தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவரே ஒரு பெண். அவருக்கும் சந்நிதிக்கு முன்னால் பாட இடமில்லை.

நம் ஊர் விழாக்களில் யார் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதைச் சென்ற சில வாரங்களாகப் பார்த்தோம். விடுபட்டவர்கள் உள்ளே வந்த விதத்தை இந்த வாரம் பார்க்கலாம். அதற்குத் திருவையாற்றைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

தியாகராஜர் 1847 ஜனவரி 6ஆம் தேதி மறைந்தார். கடைசி நாட்களில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் காவிரிக் கரையிலேயே சமாதி வைத்தார்கள். அதன்பின் அந்த இடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைக் கண்டு சீர்ப்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்ற அண்ணன் தம்பிகள் முன்னின்று ஆராதனையை விழாவாக நடத்தத் தொடங்கினார்கள்.

விழா என்று ஒன்று வந்ததும் சண்டையும் வந்தது. அண்ணன் பக்கம் ‘பெரிய கட்சி’, தம்பி பக்கம் ‘சின்ன கட்சி’ என்று சங்கீத உலகமே இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு கட்சியின் விழா ஆராதனை நாளில் முடியும். மற்றதன் விழா அன்றுதான் தொடங்கும். வித்வான்களும் புரவலர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். எதிலும் ஒத்துப்போகாத இந்த இரண்டு கட்சிகளும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டிருந்தன: பெண்கள் பாடக் கூடாது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் இதற்கு நடுவில்தான் வருகிறார். 1878இல் நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்து, மைசூர் ராஜ்ஜியத்தில் பேர் வாங்கி, பிறகு சென்னைக்கு வந்து புகழும் பொருளும் சேர்த்தவர். பலமொழிப் புலமை உள்ளவர். முத்துபழனி என்ற தெலுங்குப் பெண் கவிஞரின் ‘ராதிகா சாந்தவனம்’ காவியத்தை 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு அதைத் தடை செய்தது. அதற்கெல்லாம் அசந்துபோகிற ஆள் அல்ல அவர்.

தியாகராஜரின் சமாதி மறுபடியும் சீர்கெட்டுக் கிடந்த கோலத்தைக் கேள்விப்பட்டு 1921இல் திருவையாற்றுக்கு வந்தார். நிலத்தை முறைப்படி கைவசப்படுத்தி, தாம் பாடிச் சம்பாதித்ததைப் போட்டுக் கோயில் கட்டினார். சமாதிக்கு முன்னால் தியாகராஜரின் சிலையை நிறுவி அன்றாட வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார். எல்லாம் முடிந்த பிறகு, ஆராதனையில் தானும் பாட வேண்டும் என்று கேட்டார். கட்சிக்காரர்கள் மறுத்தார்கள். கோயில் அவருடையது, விழா அவர்களுடையது.

அவர் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை, ஊரை விட்டும் போகவில்லை. 1927 வாக்கில் கோயிலின் பின்புறத்தில், தம்மைப் போன்ற பெண் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு தனி ஆராதனை தொடங்கினார். அதற்குப் ‘பெண்கள் கட்சி’ என்று பெயர் விழுந்தது. ஒரே மகானுக்கு, ஒரே ஊரில், மூன்று விழாக்கள்!

பல ஆண்டுகள் இப்படியே போயின. 1940இல் ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் நடுவில் புகுந்து மூன்று கட்சிகளையும் பேசி இணைத்தார்கள். 1941 முதல் ஒரே விழா, பெண்களும் பாடலாம் என்றாயிற்று. எல்லோரும் ஒன்றாகப் பஞ்சரத்னம் பாடும் வழக்கமும் இந்த இணைப்போடு வந்ததுதான். முதலில் யார் பாடுவது, பெரியவர் யார் என்ற வழக்குக்கு அங்கே வேலையில்லை. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு மணி நேரம், அதில் எவரும் முதல்வரில்லை, எவரும் கடைசியில்லை. விழா நடத்தும் எவரும் கவனிக்க வேண்டிய உத்தி இது. நிகழ்ச்சி நிரலில் எல்லோருக்கும் சொந்தமான பகுதி ஒன்று இருந்துவிட்டால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

ஆனால், மனம் மாறியதால் கதவு திறந்தது என்று இந்தக் கதையை முடித்துவிடக் கூடாது. நாகரத்தினம்மாளிடம் மூன்று பிடிகள் இருந்தன. கோயிலும் நிலமும் அவர் கையில். தனியாக விழா நடத்தும் பணமும் ஆள்பலமும் அவருக்கு உண்டு. மறுத்துச் சொன்னால் ஓய்ந்துபோகாத குணமும் இருந்தது. அதனால்தான் பேச்சுவார்த்தை என்று வந்தபோது அவர் மனு கொடுப்பவராக வெளியே நிற்காமல், ஒரு கட்சியாக உள்ளே உட்கார முடிந்தது. இந்த மூன்றும் இல்லாத ஒரு பாடகிக்கு அந்த வாசல் எப்போது திறந்திருக்கும்?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பெண்களுக்கு வழி பிறந்தது, எந்தப் பெண்களுக்கு? பின்புறத்தில் பாடிப் போராடியவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். அதே 1927இல்தான் தேவதாசி ஒழிப்புக்கான முயற்சியை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தொடங்கினார். எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் செய்யாதீர்கள் என்று சங்கம் வைத்து அரசுக்கு விண்ணப்பித்தவர்களில் நாகரத்தினம்மாளும் ஒருவர். சட்டம் 1947இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த கலைக்கு மேடையில் என்ன இடம் என்று கேட்பார் அதிகமில்லை. டி.கே. பட்டம்மாளுக்குப் பிறகு பிராமணக் குடும்பப் பெண்கள் கச்சேரி மேடைக்கு வரத் தொடங்கினார்கள். 1968இல் எம்.எஸ். சுப்புலட்சுமி, 1970இல் பட்டம்மாள், 1976இல் வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா எனப் பெண்கள் கர்நாடக இசையின் பெரும் பட்டமான சங்கீத கலாநிதியைப் பெற்றார்கள். ஆயினும் இன்றைய மார்கழி மேடைகளில் தேவதாசி மரபு சார்ந்த பழைய இசைவேளாளர் குடும்பத்துப் பாடகிகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கதவைத் தள்ளித் திறந்தவர்கள் ஒரு சாரார், அதன் வழியே நுழைந்தவர்கள் வேறொரு சாரார். ‘பெண்களுக்கு முப்பது சதவீதம்’ என்று கணக்கு வைக்கும் விழாக் குழுக்கள் இதையும் யோசிக்க வேண்டும். தலைகளை எண்ணினால் மட்டும் போதாது, எந்தத் தெருவிலிருந்து வந்த தலைகள் என்றும் பார்க்க வேண்டும்.

வாத்தியங்களிலும் இப்படி ஓரங்கட்டுவது உண்டு. நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலோ கல்யாணமோ சபாவோ, மங்கள இசை இல்லாமல் எதுவும் தொடங்காது. ஆனால் அது ஒலிக்கும்போது பாதி அரங்கில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மரியாதையான முதல் இடம் என்று சொல்லிக்கொண்டே, கேட்பதற்கு ஆளில்லாத நேரத்தைக் கொடுக்கும் சாமர்த்தியம் இது. நாகஸ்வரச் சக்கரவர்த்தி என்று நாடே கொண்டாடிய டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமாகும்வரை அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கிடைக்கவில்லை. ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல் கிடைத்தது.

மொழிக்கும் இதே கதைதான். திருவையாற்றில் பெண்கள் பாடத் தொடங்கிய ஐந்தே ஆண்டுகளில், 1946இல், தண்டபாணி தேசிகர் அங்கே தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாட, அது பெரிய சர்ச்சை ஆயிற்று. ஒரு வேலியை எடுத்தவர்களுக்கு அடுத்த வேலி கண்ணில் படுவதில்லை. தமிழ்ப் பாட்டுக்காரர்கள் அதற்குள் நாகரத்தினம்மாள் வழியிலேயே போயிருந்தார்கள். அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் அமைத்து, தங்களுக்கென்று தனி விழாவே தொடங்கிவிட்டார்கள். இன்று தமிழ்ப் பாட்டே இல்லாத கச்சேரியைச் சபாக்காரர்கள்கூட விரும்புவதில்லை. பின்புறத்து மேடை பலமாக இருந்தால்தான் முன்புறத்து மேடை பேச வரும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கடம் வாசிக்கும் முதல் பெண் என்று அறியப்பட்ட சுகன்யா ராம்கோபால், பெண் கடம் வாசித்தால் தாங்கள் வாசிக்க மாட்டோம் என்று சொன்ன மிருதங்கக்காரர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மேடையேறுவதற்குச் சற்று முன்பு விலக்கப்பட்ட அனுபவமும் அவருக்கு உண்டு. அவர் செய்தது என்ன? ‘ஸ்திரீ தாள் தரங்’ என்று பெண்களின் தாளவாத்தியக் குழு ஒன்றைத் தொடங்கினார். மறுபடியும் பெண்கள் கட்சி!

சரி, அடுத்த மாதம் ஊர்ப் பொங்கல் விழாவோ, பள்ளி ஆண்டு விழாவோ, இலக்கியக் கூட்டமோ நடத்தப்போகிறவர் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

முதல் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அழைப்பிதழில் யார் பேர் என்பது அதற்கப்புறம். சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர் குழுவில் இருந்தால், மேடைக்குச் சாய்தளம் வேண்டும் என்பது பந்தல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசப்படும். இல்லையென்றால் விழா அன்று நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மேடையேற்றுவார்கள், கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டல் அவருக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. பொது இடங்களில் அவர்கள் தடையின்றி வந்துபோக வழிசெய்வது சலுகை அல்ல, கடமை.

இரண்டாவது, நேரத்தைப் பாருங்கள். பறை, தவில், தெருக்கூத்து எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தோம் என்பார்கள். வரவேற்பு வாசலிலா, மேடையிலா? ஐந்து மணிக்கா, எட்டு மணிக்கா? ஒலிபெருக்கி உண்டா? மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பாவனையா? பத்து மணிக்கு மேல் முடியும் நிகழ்ச்சியிலிருந்து பெண்கள் வீடு திரும்ப பஸ் இருக்குமா?

மூன்றாவது, சாப்பாடு. பழைய ஆராதனைகளில் பிராமண போஜனம் முக்கியமான அங்கமாக இருந்தது. இன்று அப்படிப் பந்தி பிரிப்பதில்லை என்று நெஞ்சு நிமிர்த்துவோம். வாத்தியக்காரர்களும் லைட்காரரும் பாத்திரம் கழுவும் அம்மாவும் எந்தப் பந்தியில், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்று அன்றைக்கே கேட்டுப் பாருங்கள். கழிப்பறை எங்கே, எத்தனை, தண்ணீர் வருகிறதா என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அது சரியில்லாத விழாவுக்கு வயதானவர்களும் பெண்களும் வருவதில்லை. வந்தாலும் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. ‘எங்களுக்கும் இடம் வேண்டும்’ என்று ஒருவர் வந்து நின்றால், ‘ஒரு பாட்டு பாடிவிட்டுப் போகட்டும்’ என்று ஐந்து நிமிடம் ஒதுக்குவது எளிது. அடுத்த ஆண்டுக் கணக்கையும் ஆள் தேர்வையும் தீர்மானிக்கும் குழுவில் அவரைச் சேர்ப்பதுதான் கடினம். 1941இல் மூன்று கட்சிகளும் ஒரே விழாவுக்கு வந்தபோது நடந்தது இந்தக் கடினமான காரியம். நாகரத்தினம்மாள் 1952இல் மறையும்வரை திருவையாற்றிலேயே வாழ்ந்தார். தியாகராஜர் சந்நிதிக்கு எதிரே அவருக்கும் சமாதி இருக்கிறது. ஆராதனைக்குப் போகிறவர்கள் அங்கேயும் சற்று நின்றுவிட்டு வரலாம். இன்று அந்தப் பந்தலில் பெண் குரல் கேட்கிறதென்றால், அது எவரும் போட்ட பிச்சையல்ல.

விடுபட்டவர்கள் மேடைக்கு வர வேண்டும் என்று சொன்னோம். மேடையே எழுந்து அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனால்? 2015இல் சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் கர்நாடக சங்கீதம் ஒலித்த ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைப் பற்றி அடுத்த வாரம். அதைப் பாராட்டியவர்கள் உண்டு, ‘யாருக்கு யார் சங்கீதம் சொல்லிக்கொடுப்பது?’ என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் கேட்போம்.

(தொடரும்)