அடியெடுத்துக் கொடுக்கும் பட்டியல்

கருவி எதுவாயினும் அதனைக் கையாள்வோர் இருவகையினர். ஒருவர் புதிதாகப் பழகுபவர், மற்றவர் கைதேர்ந்தவர். முன்னவருக்கு அடிக்கு அடி வழிகாட்டல் வேண்டும். பின்னவருக்கோ அதுவே இடையூறு. இவ்விருவரும் ஒரே வாயிலால் நுழைதல் கூடுமா? கணினியில் எழுதுதற்குரிய செயலிகளை ஆக்கியோர் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இவ்வினாவை எதிர்கொண்டு வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடையொன்று, கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோரும் சிந்திக்கத்தக்கது என்பது என் கருத்து.

1976 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில், ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோரின் முயற்சியால் ஈமாக்ஸ் என்னும் செயலி உருவாயிற்று. அதன் கட்டளைகள் விசைக்கூட்டுகளால் இயங்குவன. எழுதியதைச் சேமிக்க வேண்டின், கட்டுப்பாட்டு விசையை அழுத்தியபடியே எக்ஸ், எஸ் என்னும் எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டல் வேண்டும். இத்தகைய கூட்டுகள் பல. விரல்கள் அவற்றை அறிந்தபின் வேலை விரைந்து நடக்கும். அறியாதவர் முன்னோ திரை வாய்திறவாது நிற்கும்.

1978 இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் ஒரு நயமான வழியைக் கண்டது. கட்டுப்பாட்டு விசையோடு கே என்னும் எழுத்தைத் தட்டியவர் அடுத்த எழுத்தையும் உடனே தட்டிவிட்டால், கட்டளை நிறைவேறும்; திரையில் வேறெதுவும் தோன்றாது. அவர் சற்றே தயங்கினால், எழுத்துப் பகுதியைப் பெயர்த்தல், பிரதி செய்தல், கோவையைச் சேமித்தல் ஆகியவற்றுக்கு உரிய எழுத்துகளைக் காட்டும் பட்டியல் விரியும். தயக்கத்தையே வினாவாகக் கொண்டு விடையளித்தது அச்செயலி.

அக்கருத்தின் இன்றைய வளர்ச்சியை ஈமாக்ஸிலேயே காணலாம். ஒரு நூலிலோ நிரலிலோ செய்யப்படும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் ஆக்கினார். அதன் கட்டளைகளுக்கு விருப்பத் தெரிவுகள் மிகப் பல. அவற்றை ஈமாக்ஸினுள்ளிருந்தே ஆளும் பொருட்டு 2008 இல் மாகிட் தொடங்கப்பட்டது. அதிலிருந்து பிரிந்து வளர்ந்ததே ஜொனாஸ் பெர்னூலி ஆக்கிய ட்ரான்சியன்ட். கணநேரமே நிலைப்பது என்பது இப்பெயரின் பொருள். 2022 இல் வெளியான ஈமாக்ஸ் 28 ஆம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது.

மாகிட்டில் சி என்னும் எழுத்தைத் தட்டினால் திரையின் அடியில் ஒரு பட்டியல் எழும். சிறுகோட்டையும் ஏ என்னும் எழுத்தையும் தட்டினால், மாறிய கோவைகள் அனைத்தையும் சேர்க்கும் தெரிவு ஒளிபெறும். மீண்டும் சி தட்டியதும் பதிவுப் பணி தொடங்கும், பட்டியல் மறையும். விரும்புவோர் பட்டியல் தாமதித்தே தோன்றுமாறும் அமைத்துக்கொள்ளலாம்.

இதில் நான் போற்றுவது யாது? சுட்டியால் பட்டியலைத் திறந்து கட்டளையைத் தேடுபவரின் கை கற்பது ஒரு வழி. கைதேர்ந்தவர் விசைகளால் செல்வது வேறு வழி. முதல் வழியில் எத்துணை ஆண்டு நடந்தாலும் இரண்டாவது தானாகக் கைவராது. மாகிட்டிலோ புதியவர் பட்டியலைப் பார்த்துத் தட்டும் அதே எழுத்துகளையே வல்லவர் பாராமல் தட்டுகிறார். ஆகவே, பார்த்துச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாராமற் செய்வதற்குரிய பயிற்சியாகிறது.

எப்போதும் பட்டியல் எழுந்தால் நினைவாற்றல் மழுங்காதா என வினவுவோர் உளர். நாள்தோறும் செய்வது விரலில் தானே பதியும். ஆண்டுக்கு ஒருமுறை வேண்டப்படுவதை மனத்திற் சுமப்பதால் வரும் பயன் சிறிது. ட்ரான்சியன்ட் தன் கட்டளைகளை ஏழு படிகளாக வகுத்து, அரியவற்றை வேண்டுவோர்க்கே காட்டுவதும் இதுபற்றியே.

விசைக்கூட்டுகளை மனனஞ் செய்தவரே உள்ளே வரலாம் எனக் கருதுவோரும் உளர். அக்கருத்தால் திறமையுடைய மாணவர் பலர், குறை தம் நினைவிலேயே உள்ளதெனத் தம்மை நொந்து வாயிலிலேயே திரும்பிவிடுவர். அடியெடுத்துக் கொடுக்க ஒருவர் அருகிருந்தால் அவர்களும் பாடத் தொடங்குவர். பாட்டு நடக்கத் தொடங்கியபின் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அதனை ஒரு கணினிப் பட்டியல் செவ்வனே செய்கிறது.