தாய்மையின் நிறை

வீட்டிலே ஒரு பெண் கருவுற்றாள் என்ற செய்தி பரவியதும் அவளுடைய உண்கலத்தைப் பற்றி இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "இனி இரண்டு உயிருக்குச் சாப்பிட வேணும், பிள்ளை" என்று சோற்றைக் குவிப்பது ஒரு கட்சி. "பிள்ளை பெருத்தால் பேறு கடினம், வாயைக் கட்டு" என்று அகப்பையைப் பின்னிழுப்பது மற்றது. கிராமப் பாடசாலைகளிற் பல்லாண்டு ஆசிரியத் தொழில் புரிந்த யான் இவ்விரு குரல்களையும் ஒரே அடுக்களையிற் கேட்டதுண்டு. முதலாவது, அளவு மீறிய அன்பு. இரண்டாவதோ பட்டினியை அறிவென்று கொள்ளும் மயக்கம். எனக்கு இரண்டாவதன் மீதே அச்சம் அதிகம்.

இம்மயக்கம் பாட்டிமாருக்கு மாத்திரம் உரியதன்று. செருமனி நாட்டு வைத்தியராகிய புரோகோவ்னிக் என்பார், இடுப்பெலும்பு ஒடுங்கிய பெண்களுக்கென 1889ஆம் ஆண்டிற் குறையுணவு முறையொன்றை வெளியிட்டார். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தல் தாயின் உயிருக்கே உலையாக இருந்த காலம் அது. ஒடுங்கிய வழியாற் சிறிய குழந்தையேனும் வரட்டும் என்று அவர் எண்ணியதிற் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் காலப்போக்கில், நிறை கூடாவிடின் கர்ப்பகால வலிப்பும் வராது என்ற நம்பிக்கை வைத்தியரிடையே வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க வைத்தியர் பலர் 15 அல்லது 20 இறாத்தலுக்கு மேல் நிறை கூடிய கர்ப்பிணிகளைக் கடிந்துகொண்டனர். 1970இலேதான் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழுவொன்று, சராசரியாக 24 இறாத்தல் கூடுவதே தக்கது என்று கூறிற்று.

கர்ப்பிணியின் பட்டினி என்ன செய்யும் என்பதை வரலாறு ஒருமுறை கொடூரமாகக் காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியிலே, 1944–45 மாரிகாலத்தில், செருமானியப் படைகளின் பிடியிலிருந்த மேற்கு ஒல்லாந்துக்கு உணவு செல்வது தடைப்பட்டது. ஒருவருக்குரிய பங்கீட்டுணவு நாளொன்றுக்கு 1000 கலோரியிலும் கீழே இறங்கிற்று. கர்ப்பத்தின் கடைசி மாதங்களை அப்பஞ்சத்திற் கழித்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 300 கிராம் அளவில் நிறை குறைந்து பிறந்தன. இதனை எவரும் எதிர்பார்த்திருக்கக்கூடும். எதிர்பாராதது மற்றொன்று. கர்ப்பத்தின் தொடக்கத்திற் பஞ்சத்தையும் பின்னர் நல்லுணவையும் கண்ட தாய்மாரின் குழந்தைகள் பொதுவான நிறையோடே பிறந்தன. ஆயினும் அவர்களிடையே, நடுவயது கடந்தபோது, இருதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. கருவறையிற் பட்ட பசியை உடல் ஐம்பது ஆண்டுகளாக மறக்கவில்லை!

கூடுகின்ற நிறை அனைத்தும் கொழுப்பே என்று அஞ்சும் பெண்கள் உளர். ஸ்கொத்லாந்திலே ஹைற்றன், லீச் என்னும் அறிஞர் இருவர் 1964இல் வெளியிட்ட நூலிலே, சராசரியான 12½ கிலோவையும் பிரித்துக் கணக்கிட்டுக் காட்டினர். குழந்தை ஏறத்தாழ 3.4 கிலோ, நச்சுக்கொடி 650 கிராம், பனிக்குட நீர் 800 கிராம், கருப்பையின் வளர்ச்சி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தாயின் உடலிற் புதிதாகப் பெருகும் குருதி ஒன்றரைக் கிலோ அளவு. மார்பின் வளர்ச்சியும் இழையங்களில் தங்கும் நீரும் போக, எஞ்சும் கொழுப்பு மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அதுவும் பாலூட்டுங் காலத்துக்காக உடல் கட்டிவைக்கும் கட்டுச்சோறு.

எவ்வளவு கூடவேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. கருவுறுமுன் இருந்த நிறையே அதனைத் தீர்மானிப்பது. ஐந்தடி உயரமுள்ள பெண் 43 கிலோவுக்குக் குறைந்தவளாயின் பன்னிரண்டரை முதல் பதினெட்டுக் கிலோ வரை கூடுதல் நன்று. 43க்கும் 58க்கும் இடைப்பட்டவளுக்குப் பதினொன்றரை முதல் பதினாறு. அதற்கு மேல் 70 வரை உள்ளவளுக்கு ஏழு முதல் பதினொன்றரை. அதனையும் கடந்தவளுக்கு ஐந்து முதல் ஒன்பது. 2009இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வகுத்த அளவுகள் இவை. உயரம் மாறின் கணக்கும் மாறும். இரட்டைப் பிள்ளையாயின் அளவுகளே வேறு. கிளினிக்கிற் கேட்டறிக. அளவு மீறிக் கூடினாலும் தீங்குண்டு: நீரிழிவு, உயர் குருதியமுக்கம், பேற்றில் இடர்ப்பாடு. "இரண்டு உயிருக்கு" என்ற கட்சியினரும் இதனை நோக்குக. முதல் மூன்று மாதங்களில் மேலதிக உணவு வேண்டுவதில்லை. அதன்பின் நாளொன்றுக்கு 340 கலோரியும் கடைசி மூன்று மாதங்களில் 450 கலோரியும் மேலதிகமாகப் போதும். இன்னொரு கோப்பைச் சோறும் அதற்கேற்ற பயறோ மீனோ அன்றி, இன்னொருவரின் முழுச் சாப்பாடன்று.

நம் நாட்டில் இதற்கு வழியில்லை என்று கூறவொண்ணாது. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கிய நாள் முதலாக வளர்ந்துவந்த ஏற்பாட்டின் பயனாக, இன்று குடும்பநல மாது வீட்டு வாசலுக்கே வருகிறார். நிறையை அட்டையிற் குறிக்கிறார். 1973 முதல் திரிபோஷாவும் கிடைத்துவருகிறது. ஆனால் அந்தப் பொதி வீட்டை அடைந்தபின் நிகழ்வது என்ன? உருண்டை பிடித்துப் பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுப்பர். மாமனார் தேநீரோடு ஒன்று கடிப்பார். யாருக்காக வந்ததோ அவளுக்குச் சட்டியின் அடி. எல்லோரும் உண்டபின் உண்பதே குலப்பெண்ணுக்கு அழகு என்று நாம் போற்றிவந்த வழக்கம் கருவுற்ற காலத்திலும் தளர்வதில்லை. மீனின் நடுத்துண்டு கணவனுக்கு, தலை பிள்ளைகளுக்கு, குழம்பு அவளுக்கு.

ஆதலால் தந்தையாகப் போகின்றவரிடமே யான் பேச விரும்புகிறேன். தம்பி, கிளினிக் வாசலில் சைக்கிளோடு காத்து நிற்பதோடு உமது பங்கு முடிந்துவிடாது. உள்ளே சென்று அந்த அட்டையைப் பாரும். சென்ற மாதத்துப் புள்ளிக்கும் இம்மாதத்துப் புள்ளிக்கும் இடையில் கோடு ஏறியிருக்கிறதா, படுத்துக் கிடக்கிறதா என்று மாதுவிடம் கேளும். இரவில் அவளுக்கு முதலிற் பரிமாறும். மாமியார் முணுமுணுத்தால் உம்மையே முணுமுணுக்கட்டும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்க விடாதீர். தேயிலைச் சாயம் அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். ஒரே வாரத்தில் நிறை திடீரெனப் பாய்ந்து, முகமும் கையும் வீங்கி, தலையிடியும் கண்மங்கலும் வந்தால், அது சாப்பாட்டினால் வந்த நிறையன்று. அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே ஆசுபத்திரிக்கு அழைத்துச் செல்லும். அட்டையையும் மறவாமல் எடுத்துக்கொள்ளும்.