யார் வீட்டு அறையின் வெப்பநிலை?

வெண்ணெயை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் எல்லா பட்டர் பிஸ்கட் செய்முறைகளும் ஆரம்பிக்கின்றன. நானும் அப்படியே ஆரம்பித்தேன். திருவனந்தபுரம் கரமனையில் ஒரு மே மாதப் பிற்பகல். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்த வெண்ணெய், மைதாவை அளந்து சலித்து முடிப்பதற்குள் கிண்ணத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. உருட்டி வைத்த இருபது உருண்டைகளும் ஓவனுக்குள் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தட்டு நிறைய ஒரே தகடாக வெளியே வந்தன. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏண்டி, அடையா வார்த்திருக்கே?” என்று கேட்டார்.

செய்முறையில் தப்பில்லை. எழுதியவரின் அறை வேறு, என் அறை வேறு. ஐரோப்பிய, அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் அறை வெப்பநிலை என்றால் ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். திருவனந்தபுரத்தில் ஜனவரி விடியற்காலையில்கூட அந்த 20 டிகிரி அபூர்வம்தான். பகலில் சாதாரணமாக 31, 32 இருக்கும். அடுப்பு எரிகிற அடுக்களையில் இன்னும் கூடும். கடலோரத்து ஈரக்காற்று வேறு. பிஸ்கட் கெட்டுப்போகும் வழிகளில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

வெண்ணெய் பார்ப்பதற்கு ஒரே கட்டி. உள்ளே அது கெட்டிக் கொழுப்பும் எண்ணெயும் நீரும் கலந்த கலவை. இந்திய உணவுத் தர விதிகளின்படி கடையில் விற்கும் டேபிள் பட்டரில் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும்; நீர் 16 சதவீதத்தையும் உப்பு 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. 20 டிகிரி வாக்கில் அந்தக் கொழுப்பில் கெட்டியான பாகம் போதிய அளவு இருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழும், ஆனால் கட்டி உருக்குலையாது. சர்க்கரையோடு சேர்த்துக் குழைக்கும்போது, காற்றைச் சின்னச் சின்னக் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்வது இந்தக் கெட்டிப் பாகம்தான். 30 டிகிரியைத் தாண்டினால் அதில் பெரும்பகுதி எண்ணெயாகிவிடும். எண்ணெயில் காற்று தங்காது. மாவுக்கு உருவமும் தங்காது.

வாயில் போட்டால் கரைகிறது என்று பட்டர் பிஸ்கட்டைப் புகழ்வதற்கும் இதே குணம்தான் காரணம். வாயின் சூடு 37 டிகிரி. நம் வாய்க்கும் நம் அடுக்களைக்கும் இடையே ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம். வாயில் கரைய வேண்டியது கிண்ணத்திலேயே கரைந்துவிடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கடையில் பட்டர் பிஸ்கட் என்று வாங்குவதில் பல சமயம் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதியோ மார்ஜரினோ இருப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. வனஸ்பதியின் உருகுநிலை 31 முதல் 41 டிகிரி வரை இருக்கலாம் என்று விதி சொல்கிறது. அதாவது நம் ஊர் வெயிலிலும் கெட்டியாகவே நிற்கிற கொழுப்பு அது. வேலை சுலபம், பிஸ்கட்டும் அச்சு மாறாமல் வெந்துவரும். ஆனால் வாய்ச்சூட்டில் முழுதாகக் கரையாததால், தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசிய மாதிரி ஒரு படலம் நிற்கும். நாக்கால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வகைக் கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் செய்தால் என்ன என்று இந்த ஊரில் கேட்காதவர் இல்லை. அது 24 டிகிரியிலேயே உருகிவிடும். மணம் வரும், உருவம் வராது.

இனி அளவு. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு, எல்லாம் எடையில். உலகம் முழுக்கப் பழகிய கணக்கு இது. மில்மாவோ ஆவினோ அமுலோ, 100 கிராம் வெண்ணெய்க் கட்டி ஒன்றை வாங்கிக்கொண்டால் அதுவே அளவுகோல்: வெண்ணெய் 100 கிராம், மைதா 150 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம். நம் நாக்குக்கு 60 போட்டாலும் தப்பில்லை. 20, 22 பிஸ்கட் வரும். கப் கணக்கை நம்ப வேண்டாம். தளர அள்ளினால் 120 கிராம் மைதா பிடிக்கிற கப், அழுத்தி அள்ளினால் 150 பிடிக்கும். சமையலறைத் தராசு இல்லையென்றால் ஓவனுக்கு முன்னால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

உப்பு போட்ட வெண்ணெயானால் தனியே உப்பு வேண்டாம். போடாததானால் ஒரு சிட்டிகை. வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயில் நீர் எவ்வளவு என்று கணக்குச் சொல்ல முடியாது, லேசான புளிப்பும் உண்டு. அதை உருக்கி நெய்யாக்கி, 100 கிராமுக்குப் பதில் 80 கிராம் சேர்த்தால் நெய் பிஸ்கட் ஆகிவிடும். நீர் இல்லாததால் இன்னும் பொரபொரவென்று உதிரும். வடநாட்டு நான்கட்டாயின் வழி அது. சொல்லப்போனால் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

சர்க்கரையைப் பொடித்தே போடுங்கள். பரல் சர்க்கரை ஓவன் சூட்டில் மெதுவாக உருகி, மாவைக் கூடவே இழுத்துக்கொண்டு பரவும். இரண்டு ஏலக்காயைச் சர்க்கரையோடு சேர்த்தே அரைத்துவிடலாம்.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக நறுக்குங்கள். பத்து நிமிஷம் போதும். மழை நாளானால் பதினைந்து. விரல் அழுந்த வேண்டும், பளபளக்கக் கூடாது. பளபளத்தால் எண்ணெய் கசிந்துவிட்டது என்று பொருள். திரும்ப ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். கிண்ணத்தையும் முன்கூட்டியே குளிரவைப்பது நல்லது. மின்விசிறிக்கு அடியில் நின்று சர்க்கரையோடு சேர்த்து நான்கைந்து நிமிஷம் அடித்தால் நிறம் வெளுத்து, இலேசாகிவிடும்.

பிறகு மைதாவைச் சலித்துக் கொட்டி, விரல் நுனியால் ஒன்றுசேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இங்கே அடங்கி இருக்க வேண்டும். மைதாவில் உள்ள புரதம் நீரைக் கண்டு, பிசையும் கையையும் கண்டால் வலைபோல் பின்னிக்கொண்டு இழுவை கொடுக்கும். பரோட்டாவுக்கு வேண்டிய குணம் அது. பிஸ்கட்டில் நமக்கு வேண்டியது நேர் எதிர்: கொழுப்பு மாவைப் போர்த்தி, அந்தப் பின்னலை நடக்கவிடாமல் தடுக்க வேண்டும். வலுவான மைதாவாகப் பட்டால் 20 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு சோளமாவு, அந்த வெள்ளை கார்ன்ஃப்ளவர், சேர்க்கலாம்.

உருட்டி, லேசாகத் தட்டி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். வைத்த கையோடு ஓவனில் தள்ளாமல், தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பல செய்முறைகள் இதை விருப்பமிருந்தால் என்று போடுகின்றன. நம் ஊரில் இது கட்டாயம். குளிர்ந்த கொழுப்பு உருக நேரம் எடுக்கும். அதற்குள் விளிம்பு வெந்து இறுகிவிடும். என் அடை பிஸ்கட்டான கதை இவ்வளவுதான்.

ஓவனை 170 டிகிரிக்குப் பதினைந்து நிமிஷம் முன்னதாகவே சூடாக்கிவிடுங்கள். நடுத் தட்டில் 12 முதல் 15 நிமிஷம். விளிம்பு மட்டும் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று உள்ளே தள்ளிவிடாதீர்கள். ஆறும்போது கொழுப்பு இறுகித்தான் மொறுமொறுப்பு வரும். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பழைய அலுமினியப் பாத்திரத்தில் இரண்டு கை உப்பைப் பரப்பி, கம்பி ஸ்டாண்டு வைத்து மூடி, மிதமான தீயில் பத்து நிமிஷம் காயவிட்டு, தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் இருபது நிமிஷம் சுடலாம். மேற்புறம் சிவக்காது, அடி சிவக்கும், ருசியில் குறையில்லை. அளவான அலுமினியத் தட்டுக்குச் சாலைக் கடைத்தெரு போதும். எழுத்தாளர் ஆ. மாதவன் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே கதைகள் எழுதிய தெரு அது.

இந்த ஊரில் பேக்கரியின் அடுப்புக்கூடத்துக்கு போர்மா என்று பெயர். பேக்கரி ஜங்ஷன் என்றே ஒரு சந்திப்பு இருக்கிற நகரம் இது. கேரளத்தின் பேக்கரிக் கதையைத் தலசேரியிலிருந்து தொடங்குவார்கள். மாம்பள்ளி பாப்பு 1880-இல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கி, 1883-இல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கேட்டுக்கொண்டதற்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பது பலரும் அறிந்தது. அந்த நாளில் ஃப்ரிட்ஜ் ஏது? வெயில் ஏறுவதற்குள் மாவு வேலையை முடிப்பது இன்றைக்கும் நமக்கு உதவும் உபாயம். நான் இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கே மாவு சேர்த்துவிடுகிறேன்.

மீதி இருப்பது ஈரம். இடவப்பாதி என்று இங்கே சொல்லும் ஜூன் மழையும் ஐப்பசித் துலாமழையும் இரண்டுமே பெய்கிற ஊரில், பிஸ்கட் ஒரு மணி நேரம் வெளியே கிடந்தால் நமுத்துப்போகும். சர்க்கரை காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்வதால் வருவது இது. முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நமுக்க வைக்கும். வாய் இறுகிய கண்ணாடி ஜாடி நல்லது. நமுத்ததைத் தூக்கி எறிய வேண்டாம். 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் மறுபடி சுட்டு ஆறவைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். பிஸ்கட் என்ற சொல்லுக்கே இருமுறை சுட்டது என்றுதான் மூலப்பொருள்.

மழை மாதங்களில் ஒரு 100 கிராம் கட்டிக்கு மேல் போடாதீர்கள். மிச்ச மாவை உருளையாக உருட்டி பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். வேண்டும்போது வட்டமாக நறுக்கி அப்படியே ஓவனில் வைக்கலாம், இரண்டு நிமிஷம் கூடுதலாக.