முயலுக்குக் காய் வைக்கும் முன்

வீட்டில் முயல் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது, எந்தெந்தக் காய் கொடுக்கலாம் என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான், ஆனால் இரண்டாவதாக. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உருளைக்கிழங்கு, அவகாடோ, தக்காளிச் செடியின் இலை, பயறு வகைகள் ஆகவே ஆகா. வாசலில் நிற்கும் அரளியின் பக்கம் முயலை விடவே கூடாது. விலக்க வேண்டியவை பெரும்பாலும் இவ்வளவுதான், ஒரு மாலையில் மனப்பாடமாகிவிடும். ஆனால் வளர்ப்பு முயல்களைப் பெரிதும் படுக்கவைப்பது நஞ்சுள்ள காய் அல்ல. நல்ல காயையே வயிறு முட்டத் தின்றுவிட்டுப் புல்லைத் தொடாமல் விடுவதுதான். ஆகவே எந்தக் காய் என்று கேட்பதற்கு முன், அந்தக் காய் எவ்வளவு புல்லை ஒதுக்கித் தள்ளுகிறது என்று கேட்க வேண்டும்.

முயலின் உடம்பு புல்லுக்காகவே அமைந்தது. அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க, வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்கின்றன; கடைவாய்ப் பற்களும் நிற்காமல் வளர்பவைதான். புல்லை மணிக்கணக்காகப் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் அவை அளவாகத் தேய்கின்றன. கேரட் இரண்டு கடியில் நொறுங்கிவிடும். அந்தத் தேய்மானத்தை அதனால் தர முடியாது. குடலின் கதையும் இதேதான். உணவுப்பாதையில் இருக்கும் சரக்கில் ஏறக்குறைய 40 விழுக்காடு குருட்டுக்குடலில் தங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கிறது. அப்படிப் புளித்ததை மென்மையான உருண்டைகளாக வெளியேற்றி, முயல் அதைத் தானே திரும்பத் தின்கிறது. பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். முயலுக்கோ புரதமும் பி வகை வைட்டமின்களும் கிடைக்கும் வழி அது. குடலைத் தள்ளி ஓடவைப்பது புல்லின் முரட்டு நார். நார் குறைந்து சர்க்கரையும் மாவுச்சத்தும் ஏறினால் நுண்ணுயிர்களின் சமநிலை குலையும், வாயு கட்டும், குடல் மெல்ல நின்றுபோகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அரை நாள் எதையும் தின்னாமல், புழுக்கை போடாமல் ஒரு முயல் மூலையில் உட்கார்ந்திருந்தால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை அது.

முயல் என்றாலே கேரட் என்ற நினைப்பை உலகம் முழுக்கப் பரப்பியதில் 1940-ல் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி கார்ட்டூனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1934-ல் வெளியான ஒரு ஹாலிவுட் படத்தில் கிளார்க் கேபிள் கேரட்டைக் கடித்தபடி பேசும் காட்சியிலிருந்து அந்தப் பழக்கம் இந்தக் கார்ட்டூன் முயலுக்கு வந்தது என்பார்கள். நகைச்சுவைக்காகச் செய்ததைத் தீனிப் பட்டியலாக எடுத்துக்கொண்டவர்கள் நாம். 100 கிராம் கேரட்டில் ஏறக்குறைய 5 கிராம் சர்க்கரை இருக்கிறது. நமக்கு அது ஒன்றுமில்லை. இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்கு நாள் தவறாமல் முழுக் கேரட் என்பது அதிகம். வாரத்தில் ஓரிரு நாள் சுண்டுவிரல் நீளத் துண்டு போதும். கேரட்டின் தழையைத்தான் தாராளமாகக் கொடுக்கலாம்; கடைக்காரர் கிள்ளி எறிவதும் அதைத்தான்.

‘எங்கள் முயல் கேரட்டும் பிஸ்கட்டும் தின்றே வளர்ந்தது, நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. முயல் இரையாகும் பிராணி, வலியைக் காட்டிக்கொள்ளாது. பல் நோயும் மாதக்கணக்கில் உள்ளுக்குள் வளர்ந்த பிறகே வெளியே தெரியும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 32 முயல்களுக்கு நான்கு வகைத் தீனி கொடுத்து 17 மாதம் கவனித்தார்கள். உலர்புல்லே இல்லாமல் தானியக் கலவை மட்டும் தின்றவற்றுக்குப் பற்கள் நீண்டு வளைந்தன. இன்னொரு செய்தி அதைவிட முக்கியம்: கலவையோடு உலர்புல்லும் வைத்தபோது, அந்த முயல்கள் புல்லைக் குறைவாகவே தின்றன. அந்த ஆய்வு காய்கறியைப் பற்றியது அல்ல என்பது உண்மை. ஆனால் இனிப்பானதும் புல்லும் அருகருகே இருந்தால் முயல் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு அது போதுமான சாட்சி. தனக்கு எது நல்லதென்று பிராணிக்கே தெரியும் என்ற வாதம் இங்கே எடுபடாது.

கீரை விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழில் கிடைக்கும் முயல் வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் பண்ணைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. வேலிமசால், குதிரைமசால், அகத்தி, கல்யாண முருங்கை என்று அவை சொல்லும் தழைகள் தப்பானவை அல்ல. சில மாதங்களில் எடை ஏற்றி விற்பதற்கான கணக்கு அது. வீட்டு முயல் எட்டு, பத்து ஆண்டு வாழ வேண்டியது; அதற்குத் தழையிலுள்ள சுண்ணாம்புச்சத்தையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாலூட்டிகள் உணவிலுள்ள சுண்ணாம்புச்சத்தில் தேவையானதை மட்டும் உறிஞ்சும். முயலின் குடல் வந்ததையெல்லாம் உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சேறுபோலப் படியும். 100 கிராம் முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். அகத்தியில் அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் பயந்துபோய் அறவே நிறுத்துவதும் சரியல்ல. அந்தச் சத்து குறைந்தால் தாடை எலும்பு வலுவிழந்து பற்கள் ஆட்டம்காணும் என்று பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் பிரான்செஸ் ஹார்கோர்ட்-பிரவுன் வாதிட்டிருக்கிறார். அகத்தியும் முருங்கையும் எப்போதாவது ஒரு கொத்து. தினப்படிக்குக் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கித் தழை, காலிஃபிளவரின் வெளி இலை என்று மாற்றி மாற்றி, முயலின் எடைக்கேற்ப ஒன்றிரண்டு கைப்பிடி. ஆக்சலேட் மிகுந்த பசலையும் தண்டுக்கீரையும் அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம்.

ஈரத் தழை கொடுத்தால் முயல் செத்துவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. கட்டோடு குவித்து வைத்துப் புழுங்கி அழுகிய கீரை கெடுதல்தான். கழுவி உதறிய கீரையில் இருக்கும் நீரால் கெடுதல் இல்லை, சித்திரை வெயிலில் அது நல்லதும்கூட. மருந்து அடித்த கீரையைக் கழுவாமல் போடுவதுதான் ஆபத்து. வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணம் திடீர் மாற்றம். இதுவரை பச்சையே தின்னாத முயலுக்கு ஒரு நாளில் ஒரு வகை, அதுவும் இரண்டு இலை. மறுநாள் புழுக்கை கெட்டியாக இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். முட்டைக்கோஸ் சில முயல்களுக்கு வாயுவைக் கிளப்பும், சிலவற்றுக்கு ஒன்றும் செய்யாது. அதை இப்படிச் சோதித்துத்தான் அறிய முடியும்.

கடைசியாக ஒரு நியாயமான ஆட்சேபம்: புல்லுக்கு எங்கே போவது? இறக்குமதியாகும் திமோத்தி உலர்புல் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது, காயோ வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் தீனியில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும் என்றால், அது திமோத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று பொருளல்ல. அருகம்புல் நன்றாகவே ஒத்துக்கொள்ளும். நாய் நடமாடும் சாலையோரத்தில் பறிக்காமல் இருந்தால் சரி. பால்மாடு வைத்திருப்பவர்களிடம் கம்பு நேப்பியர் கரணை நாலு வாங்கி மாடித் தொட்டியில் ஊன்றினால் மாதக்கணக்கில் அறுக்கலாம். இளசாக இருக்கும்போது அறுத்து, நிழலில் உலர்த்தி, பூஞ்சணம் பிடிக்காமல் கட்டி வைத்தால் மழைக்காலத்துக்கும் ஆகும். வைக்கோல் மட்டும் இதற்கு ஈடாகாது. நார் உண்டு, சத்து இல்லை. அதைப் படுக்கையாகப் போடலாம்.